கஜக்கா அளந்த தெரு

ஏழாம் வரிசையில் எல்லோருக்கும் அவள் கஜக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பஞ்சாலையின் மடிப்புப் பிரிவில் பத்தொன்பது வருடம் கஜக்கோலும் கையுமாக நின்று துணி அளந்ததால் வந்த பெயர். ஆலை மூடிப் பதினோரு வருடமாகிவிட்டது. மூடிய அன்று மேலாளர், "ஞாபகத்துக்கு ஆளுக்கொண்ணு எடுத்துக்கோங்க" என்று சொன்னதுதான் தாமதம், மற்றவர்கள் நாற்காலி, மின்விசிறி, மேசை என்று தூக்கிக்கொண்டு போனார்கள். இவள் கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்றடி மரக்கோல், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். "பிழைக்கத் தெரியாதவ" என்று அவள் கணவர் ஒரு வாரம் முணுமுணுத்தார். மின்விசிறி வந்திருக்க வேண்டிய வீட்டுக்கு ஒரு குச்சி வந்து சேர்ந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஊர் சின்னது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, இரண்டும் சேரும் முக்கில் ஆலை. ஐந்து மாடிச் செங்கல் கட்டடம். அதன் நிழலில் தொழிலாளர்களுக்காக ஆலையே கட்டிக்கொடுத்த ஒன்பது வரிசை வீடுகள். துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் வேறு ஜாதி. அங்கே கப்பல் வைத்திருந்தவர்களின் வீடுகள், ஒல்லியாக, உயரமாக, மரச்சட்டம் போட்ட சன்னல்களோடு நிற்கும். கடலைப் பார்த்த சன்னல்கள் ஆள் உயரம் இருக்கும், தெருவைப் பார்த்தவை முகம் பார்க்கிற கண்ணாடி அளவுதான். தெருவில் போகிறவனைப் பார்க்க அவர்களுக்கு என்ன அவசியம்?

இதையெல்லாம் கஜக்கா கவனித்ததே நாற்பத்தெட்டு வயதில்தான். அதுவரை தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனாள், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆலை மூடிய பிறகு ஒரு துணிக்கடையில் சில வருடம், பள்ளிக்கூடச் சமையலறையில் சில வருடம் என்று காலம் ஓடியது. அப்போதுதான் நகராட்சி பழைய கட்டடங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் எடுக்க முடிவு செய்தது. தெருத்தெருவாகப் போய் அளந்து எழுத ஆள் தேவை, நான்கு மாத வேலை, ஒழுங்காகச் செய்தால் நிரந்தரமாகும் என்றார்கள். நேர்முகத்தில் நகராட்சிப் பொறியாளர், கண்ணாடி போட்ட, சிரிக்கவே யோசிக்கிற ஒரு பெண், "இந்த அறை எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்டார். கஜக்கா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பதினெட்டரை. அலமாரிக்குப் பின்னால கொஞ்சம் கோணல்" என்றாள். அலமாரியை நகர்த்திப் பார்த்தார்கள். கோணல்தான். வேலை கிடைத்தது.

அந்த நான்கு மாதத்தைப் போல அவள் வாழ்க்கையில் வேறு நான்கு மாதம் இருந்ததில்லை. கதவு, சன்னல், கூரை, செங்கல், முகப்பின் அகலம், தெருவின் அகலம் என்று ஒவ்வொரு தாளிலும் கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் என்ன எழுத வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் மனதில் பட்டதை எழுதினாள். 'முன்பக்கம் மட்டும் மூன்று மாடி, பின்னால் போனால் ஒரே மாடி. வெறும் பந்தா.' 'பண்டகசாலை உச்சியில் மூட்டை தூக்கும் உத்தரம் இன்னும் இருக்கிறது. புறாக்கள் குடியிருக்கின்றன, நகர மறுக்கின்றன.' 'துறைமுகத் தெருவில் மூலை வீடுகளின் முனையெல்லாம் சீவி விடப்பட்டிருக்கிறது. வண்டி திரும்புவதற்காக இருக்கும். கட்டியவன் நல்லவன்.' நகராட்சியில் இந்தத் தாள்களைப் பார்த்துப் படம் வரைகிறவர் ஒரு நடுத்தர வயது ஆள். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராம், அதற்காகவே குறிப்புகளை முதலில் படிப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

தான் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கும் வரிசைகளையும் அவள் அப்போதுதான் பார்த்தாள். கதவுகள் இரண்டிரண்டாக ஒட்டி இருந்தன, இரண்டு குடும்பத்துக்கு ஒரே படி. ஒவ்வொரு வரிசையிலும் கடைசி வீடு மட்டும் அரை அடி அகலம் கூடுதல், அது மேஸ்திரிக்குக் கட்டியது. அந்த அரை அடிக்காக அந்தக் காலத்தில் எத்தனை பேர் மூக்கைச் சிந்தியிருப்பார்களோ.

நகராட்சி கொடுத்த இரும்பு நாடா மூன்றாவது வாரமே கடல் காற்றில் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. புதிது கேட்டால் மனு எழுது, கையெழுத்து வாங்கு என்று இழுத்தடிப்பார்கள். கஜக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்ற கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு அதைவிட நம்பிக்கையான சாமான் உலகத்தில் இல்லை.

முதல் சகுனம் படம் வரைகிறவரிடமிருந்து வந்தது. ஒரு நாள் அவர் பழைய வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"அக்கா, ஆலையோட ஆத்துப்பக்கச் சுவரு, கட்டினவங்க படத்துல அறுநூறு அடின்னு இருக்கு. நீங்க ஐநூத்தி எண்பத்து மூணு அடி பத்து அங்குலம்னு எழுதியிருக்கீங்க. பதினாறு அடி எங்க போச்சு?"

"ரெண்டு தடவை அளந்தேன் தம்பி. ரெண்டு தடவையும் அதே அளவு."

"அப்போ அந்தக் காலத்து முதலாளி அளந்து விட்டிருக்கான். அறுநூறுன்னு சொன்னா கேக்க நல்லா இருக்குமில்ல" என்று சொல்லி அவர் அவளுடைய அளவையே எழுதினார். ஓரத்தில் 'பழைய வரைபடத்தின் அளவு மிகைப்படுத்தப்பட்டது' என்று சிவப்பு மையில் ஒரு வரியும் சேர்த்தார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

பட்டியல் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது தீயணைப்புத் துறையின் புது விதி வந்தது. பதினான்கு அடிக்குக் குறைந்த தெருவில் வண்டி நுழையாது, அப்படிப்பட்ட தெருவை அகலப்படுத்த வேண்டும். நகராட்சி பட்டியலைப் புரட்டியது. ஊர் முழுக்கப் பதினான்கு அடிக்குக் குறைந்த தெரு ஒன்றே ஒன்றுதான். ஏழாம் வரிசை, பதின்மூன்று அடி பத்து அங்குலம். குறைவு இரண்டு அங்குலம்தான் என்றாலும், விதிப்படி மேற்குப் பக்க வீடுகளின் முன்சுவரை இரண்டடி உள்ளே தள்ள வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பதினெட்டு வீட்டுக்கும் கூரை ஒரே தொடர்ச்சி, அது உட்கார்ந்திருப்பது அந்த முன்சுவரின் மேல். சுவர் போனால் பதினெட்டு முன் அறைகளும் போகும்.

கஜக்காவின் வீடு மேற்குப் பக்கத்தில் ஒன்பதாவது. பத்தாவது வீடு அவள் நாத்தனாருடையது. புருஷனை இழந்தவள், முன் அறையில் தையல் இயந்திரத்தைப் போட்டு இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறை போனால் அவள் பிழைப்பும் போனது. அறிவிப்பு ஒட்டிய அன்று தெருவே கஜக்கா வாசலில் கூடிவிட்டது.

"உன் கையாலேயே எழுதிக் கொடுத்துட்டு வந்து நிக்கிறியே. ரெண்டு அங்குலம் கூட்டிப் போட்டா உன் கை உளுத்தா போயிடும்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"அளவு அளவுதான்" என்றாள் கஜக்கா. "சொந்தத் தெருங்கறதுக்காக மாத்தி எழுதினா, நான் எழுதின மத்த தெருவையெல்லாம் யாரு நம்புவாங்க?"

சும்மா சொல்லக்கூடாது, சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். அவள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். துறைமுகத்து ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்க்கிற அவருக்குப் பேச்சு எப்போதும் கொஞ்சம் குறைவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் ஒரு பொதித் துணியோடு வந்தாள். சத்திரம் ஒன்றுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்க வேண்டும், அறை இருக்கும்போதே முடித்துவிடலாம் என்றாள். "அண்ணி, நீங்களே அளந்து வெட்டிக் கொடுங்க. உங்க கை தாராளமான கை. எட்டு கஜம் கேட்டா, தைச்சு முடிச்சும் ஒரு சாண் மிஞ்சும்."

கஜக்கா கோலை எடுத்துத் துணியை விரித்தாள். ஒரு கஜம். கோலின் நுனியில் கட்டைவிரலை வைத்தாள். விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த கஜம். மறுபடி விரல். மறுபடி அந்தப் பக்கம்.

நான்காவது கஜத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆலையில் அதுதான் வழக்கம். கஜத்துக்கு ஒரு விரல் சும்மா விட வேண்டும், வாங்குகிறவன் துணி குறைந்தது என்று சொல்லவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மடிப்புப் பிரிவு மேஸ்திரி கையைத் தட்டித் தட்டிப் பழக்கிய பழக்கம். பத்தொன்பது வருடம், ஒரு நாளைக்கு ஆயிரம் கஜம். அந்த விரல் இப்போது அவளைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. துணியில் விரல் விட்டால் துணி கூடும். தெருவில் விரல் விட்டால்?

"அண்ணி, ஏன் அப்படியே நிக்கிறீங்க?" என்றாள் நாத்தனார்.

கஜக்கா துணி ஓரத்திலேயே சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போட்டாள். கஜத்துக்கு ஒரு விரல், ஒரு விரலுக்கு ஓர் அங்குலம். ஆலைச் சுவரில் கணக்கில் சேராமல் போனது நூற்றுத் தொண்ணூற்று நான்கு விரல். பதினாறு அடி இரண்டு அங்குலம். பழைய முதலாளி பொய் சொல்லவில்லை. ஏழாம் வரிசையின் குறுக்கே நான்கு விரல், நான்கு அங்குலம். அப்படியானால் தெரு பதினான்கு அடி இரண்டு அங்குலம்.

சந்தோஷப்பட வேண்டியவள் துணி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அளந்த ஒவ்வொரு தெருவும் தப்பு. ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு வாசலும். நான்கு மாத வேலை அத்தனையும் குப்பை, நிரந்தர வேலை அதோடு சேர்ந்து போச்சு. போதாததற்கு, அளவு அளவுதான் என்று தெருவையே கூட்டி வைத்துப் பேசிய வாய் அவளுடையது. இப்போது போய்த் தெரு அகலம்தான் என்றால் யார் நம்புவார்கள்? சொந்த வீட்டைக் காப்பாற்றப் புளுகுகிறாள் என்பார்கள். பேசாமல் இருந்துவிட்டால் பதினெட்டு அறை போகும், அவள் மானம் மட்டும் பத்திரமாக இருக்கும். அப்படி ஒரு யோசனை வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பொறியாளரின் மேசைக்கு முன் போய் நின்றாள். கோலையும் கொண்டுபோயிருந்தாள். செய்து காட்டினாள். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நகராட்சி கொடுத்த நாடா என்னாச்சு?"

"துருப்பிடிச்சிடுச்சு மேடம். நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

"நாப்பத்தோரு தெருவும் தப்புன்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

"உங்க வீடு எந்தத் தெருவுல?"

கஜக்கா அந்தக் கேள்வியை வீட்டிலிருந்தே எதிர்பார்த்து வந்தாள், இருந்தும் முகம் சுண்டிப்போனது. "ஏழாம் வரிசைதான் மேடம். அதனாலதான் ஆலைச் சுவரைப் பாருங்கன்னு சொல்றேன். அது என் வீடு இல்ல."

பக்கத்து மேசையில் படம் வரைகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தோரு படங்களையும் அவர் திரும்ப வரைய வேண்டும். அந்தச் சிவப்பு மை வரி வேறு.

பொறியாளர் சிறிது நேரம் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே வந்து அளக்குறேன். ரெண்டு முனையிலும் நடுவுலயும். எல்லார் முன்னாலயும். எந்த இடத்துல குறைஞ்சாலும் அறிவிப்பு அப்படியே நிக்கும். நீங்களும் வேலையை விட்டுப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

மறுநாள் ஏழாம் வரிசையில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. இரண்டிரண்டாக ஒட்டிய கதவுகளில் இரண்டிரண்டு குடும்பமாக ஒரே படியில் நின்றார்கள். பொறியாளர் புத்தம்புது இரும்பு நாடாவோடு வந்தார். ஒரு முனையைப் படம் வரைகிறவர் பிடித்தார். நாடாவைத் தொடக் கஜக்காவைப் பொறியாளர் விடவே இல்லை.

கடல் பக்கம்: பதினான்கு அடி இரண்டு அங்குலம். தெரு முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. ஆலைப் பக்கம்: பதினான்கு அடி மூன்று. எதிர்வீட்டுக்காரர் கஜக்காவைப் பார்த்து, தலையை ஆட்டினார். அன்று கேட்ட கேள்விக்கு அதுதான் அவருடைய மன்னிப்பு.

நடு என்றால் ஒன்பதாவது வீடு. படம் வரைகிறவர் நாடாவைக் கஜக்கா வீட்டுச் சுவரில் அழுத்தினார். பொறியாளர் எதிர்ப்பக்கம் குனிந்து படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி இழுத்துப் படித்தார்.

"பதின்மூணு அடி ஒன்பது."

கஜக்கா மனசுக்குள் மறுபடி கூட்டிப் பார்த்தாள். கணக்கு சரி, விரல் சரி, ஆலைச் சுவர் சரி. பிறகு இது எப்படி? அவள் தெருவின் இரண்டு முனையைத்தான் அளந்திருந்தாள், நடுவை அளந்ததே இல்லை.

பொறியாளர் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, மேலும் கீழும் பார்த்தார். ஒன்பதாவது வீட்டின் சுவர் இரண்டு பக்கத்து வீட்டைவிடவும் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. "இது ஆலை கட்டின சுவரா?"

ஆலை கட்டியது என்றால் தெரு போச்சு. இல்லை என்றால் அந்த வீட்டுக்காரருக்கு அபராதம், ஆக்கிரமிப்பு என்ற பெயர். கஜக்கா கணவரைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் உப்புக் காற்று செங்கலை அரிக்கிறது என்று அவரே சிமெண்ட் குழைத்து, அவரே கல் அடுக்கி, விடுமுறை நாட்களில் பழைய சுவரோடு ஒட்டி வெளியே கட்டிய மேல்சுவர் அது. அதற்கு நகராட்சியில் அனுமதி வாங்கியிருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அவர் படியிலிருந்து இறங்கி வந்தார்.

"அது நான் கட்டினதுங்க. அனுமதி வாங்கல."

"உங்க வீட்டுத் தாள்ல இதைப் பத்திக் குறிப்பே இல்லையே" என்றார் பொறியாளர், கஜக்காவைப் பார்த்து. "ஊருல இருக்கிற புறாவைக் கூட எழுதியிருக்கீங்க."

"தினம் பாக்குற சுவரு மேடம். எழுத ஒண்ணும் தோணல."

பொறியாளரின் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் அசைந்தது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். "ஆலை கட்டின சுவரு வரைக்கும்தான் தெரு. மேல ஒட்டினதை எடுத்தாகணும். ஒரு வாரம் தரேன். எடுத்த பிறகு வந்து மறுபடி அளப்பேன்."

"ஒரு வாரம் எதுக்குங்க" என்றார் கணவர். அவர் வாழ்க்கையிலேயே ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதன் பிறகு வந்தது: "நீங்க ஒரு டீ குடிச்சிட்டு இருங்க. கட்டினவனுக்கு எங்க தட்டினா விழும்னு தெரியும்."

எதிர்வீட்டுக்காரர் கடப்பாரை கொண்டுவந்தார். இன்னொருவர் சுத்தியல். நாத்தனார் தன் இயந்திரத்தின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு வந்து கூடை தூக்கினாள். முதல் அடியைக் கணவரே அடித்தார். பிள்ளையை வளர்ப்பது போலப் பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர், அவருக்கு மனசு கனத்திருக்கத்தான் செய்யும், ஆனால் கை நிற்கவில்லை. கஜக்கா அவர் பக்கத்தில் நின்று விழுகிற கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினாள். அனுமதி விஷயம் பற்றி இரவில் பேசிக்கொள்ளலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவள் பேச வேண்டியது நிறைய இருந்தது, ஆனால் இன்றைக்குக் கோபம் வர மாட்டேன் என்றது.

ஒரு மணிக்குள் மேல்சுவர் முழுக்க இறங்கிவிட்டது. உள்ளே ஆலைக்காரர்களின் பழைய செங்கல், அங்கங்கே உப்பு தின்று குழி விழுந்து, ஆனால் முதல் வீட்டிலிருந்து பதினெட்டாவது வீடு வரை ஒரே நேர்கோட்டில் ஓடியது. கஜக்கா கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று தன் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அது ஒரு அழகான தெரு என்று அவளுக்குத் தோன்றியது.

"பதினாலு அடி ரெண்டரை" என்றார் பொறியாளர். அறிவிப்பைத் தானே சுவரிலிருந்து கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அபராதச் சீட்டை எழுதிக் கணவர் கையில் கொடுக்கவும் மறக்கவில்லை. பிறகு கஜக்காவிடம் சொன்னார்:

"திங்கட்கிழமை ஆலைச் சுவர்லேருந்து தொடங்குங்க. நாப்பத்தோரு தெருவும். நாடாவுல எண்ணெய் தடவி வச்சுக்கோங்க. ஒரு முனையை இவர் பிடிப்பார்."

"வேலை, மேடம்…"

"தப்பா அளந்தவங்களை எனக்குத் தெரியும், நிறைய பேர் இருக்காங்க. வந்து சொன்னவங்க நீங்க ஒருத்தர்தான்."

படம் வரைகிறவர் பெருமூச்சு விட்டார். "குறிப்பை மட்டும் மாத்தாதீங்க அக்கா. அதுல தப்பில்ல."

அவர்கள் போன பிறகு கஜக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். முன்சுவரில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஒரு பிடி தூசி இறங்கியிருக்க வேண்டும். கட்டில், பானை, அலமாரி, சுவரில் மாட்டிய கல்யாணப் புகைப்படம், எல்லாம் சிவப்பு. நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அண்ணி, என் அறையும் இதே கதிதான். எங்கேருந்து தொடங்குறதுன்னே தெரியல. கூட்டி முடிக்க ரெண்டு நாள் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் கஜக்கா, துடைப்பத்தை எடுத்தபடி. "கூட்டறதுக்கு அறை இருக்குல்ல."